ரீகர்வ் வில்லின் மினுக்கை அடக்க நான்கு வழிகள்: எது உருப்படி, எது காசுக்குக் கேடு

முனைகள் முன்பக்கமாக வளைந்த ரீகர்வ் வில், கடைச் சுவரில் கண்ணைப் பறிக்கும்; காட்டில் அதே அழகாலேயே வேட்டையைக் கெடுக்கும். கண்ணாடி போல வார்னிஷ் ஏறிய லிம்ப் (வளையும் கை), பாலிஷ் போட்ட மர ரைசர் (பிடி உள்ள நடுக்கட்டை), குரோம் திருகு என்று காலை வெயில் சாய்ந்து விழும்போது எல்லாமே மின்னும். இருபது கஜத்தில் மேயும் வெள்ளைவால் மானுக்கு, வில்லை உயர்த்தும்போது எழும் ஒரே ஒரு பளிச் போதும். தலை நிமிரும், வால் தூக்கும், கதை முடிந்தது.

அமெரிக்க வில்வேட்டைக் கடைகளில் இதற்கென்று விற்கும் பொருட்களை நான்கு வகைக்குள் அடக்கலாம்: லிம்ப் மீது மாட்டும் துணி உறை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சுற்றுத்துணி, பசையுள்ள கேமோ (உருமறைப்பு அச்சு) டேப், மேட் (மினுங்காத) ஸ்ப்ரே பெயின்ட். ஐந்தாவதாக, யாரும் விளம்பரம் செய்யாத ஸ்டீல் வூல் (தேய்க்கும் இரும்பு இழை) ஒன்று உண்டு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த ஐந்தாவதுதான் முதலில் செய்ய வேண்டியது, அதற்கு மேல் துணி உறை. சுற்றுத்துணி இரண்டாம் இடம். பெயின்ட் மலிவான வில்லுக்கு மட்டும். பசை டேப்பை வில் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். பிரிட்டனிலும் வில்லால் வேட்டையாடக் கூடாது. இங்கே பேசுவது அமெரிக்காவில் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. அங்கே குடியேறிய தமிழர்களும் அதில் அடக்கம்.

அளவுகள் எல்லாம் 62 அங்குல சாமிக் சேஜ் போன்ற, லிம்பைக் கழற்றி மாட்டக்கூடிய வில்லை மனதில் வைத்துச் சொன்னவை. பரவலாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ரைசர் மரம், லிம்ப் முகத்தில் கருப்பு ஃபைபர்கிளாஸ். ஒற்றைத் துண்டு வில்லுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். 

கருப்பாக இருந்தால் மின்னாது என்பதுதான் இந்த விஷயத்தில் பலர் செய்யும் முதல் தப்புக் கணக்கு. வார்னிஷ் போன்ற வழவழப்பான பரப்பு, நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். வெயில் செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்து விழுந்தாலோ அது ஏறக்குறைய 40 சதவீதம் ஆகிவிடும். அடியில் இருப்பது கருப்பா பழுப்பா என்று இந்தத் திருப்பி அனுப்புதல் பார்ப்பதில்லை, நடப்பது மேல் பூச்சில். வேட்டை நடப்பதோ சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும். போதாக்குறைக்கு நாணை இழுக்கும்போது மேல் லிம்ப் எய்பவர் பக்கம் வளைந்து சாயும். அப்போது மேல் லிம்பின் முதுகு, அதாவது மானைப் பார்க்கும் பக்கம், வானத்தையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. தூக்கும்போது ஒரு கோணம், இழுக்கும்போது இன்னொரு கோணம் என்று அந்தப் பட்டை கண்ணாடித் துண்டு போலத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆக, முதலில் சாகடிக்க வேண்டியது வழவழப்பை, நிறத்தை அல்ல.

நிறத்தைப் பற்றி மானின் கண் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மானுக்கு நம்மைப் போல மூன்று வகைக் கூம்பு செல்கள் இல்லை, இரண்டுதான். 1994இல் வெளியான அளவீட்டின்படி ஒன்று 450 முதல் 460 நானோமீட்டர் நீலத்தில் உச்சம் தொடும், மற்றது 537 நானோமீட்டர் பச்சையில். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல்தான். அதனால்தான் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு மேலங்கியோடு தைரியமாக உட்காருகிறார்கள். நீலமும் அதை அடுத்த புற ஊதாவும் மானுக்கு நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். நம் கண்வில்லை புற ஊதாவை வடிகட்டிவிடும், மானின் கண்வில்லை அதைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். எனவே பழுப்பும் பச்சையும் எந்தச் சாயல் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சலவைப்பொடியின் வெண்மையூட்டி புற ஊதாவில் நீலமாக ஒளிரும், அது ஏறிய துணி உறைதான் ஆபத்து. வான்கோழி வேட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு நான்கு வகைக் கூம்பு, பகலில் நிறம் பார்ப்பதில் நம்மையே மிஞ்சும்.

ஸ்டீல் வூல்: விளம்பரமில்லாத வெற்றியாளர்

0000 எண் கொண்ட, நான்கு சைபர் ஸ்டீல் வூல்தான் வேண்டும். இரண்டு சைபர், மூன்று சைபர் எல்லாம் கீறல் போட்டுவிடும். அதைவிட நல்லது சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் தேய்ப்பான். இரும்பு இழை உதிராது. இரும்பு இழை மர ரைசரின் துளைகளில் சிக்கினால், முதல் மழையில் துருப்பிடித்துக் கரும்புள்ளி விழும். பழுப்புச் சிவப்புத் தேய்ப்பான் சற்றுக் கரடு, அதைத் தொட வேண்டாம். சமையலறைப் பச்சை நிறம் பக்கமே போக வேண்டாம்.

நாணைக் கழற்றி, லிம்பையும் பிரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். பழைய மெழுகு இருந்தால் தேய்ப்பு திட்டுத்திட்டாக விழும். பிறகு லிம்பின் நீளவாக்கில் மட்டும், ஒரே அழுத்தத்தில், முனை முதல் அடி வரை நீளமான வீச்சாகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சுழல் கோடுகள் தெரியும். ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது வீச்சு போதும். ஜன்னல் வெளிச்சத்தைப் பரப்பில் பாருங்கள். சட்டத்தின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் நிறுத்திவிடலாம். விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா, இன்னும் பத்து வீச்சு.

கெடும் இடங்கள் மூன்று. லிம்பின் ஓரங்களில் பூச்சு மெல்லியது. அங்கே அழுத்தினால் பூச்சைத் தாண்டி ஃபைபர்கிளாஸ் இழை வரை போய்விடும், அதன் வழியாக ஈரம் ஏறும். எழுத்துகளும் சின்னங்களும் உள்ள இடத்துக்கு மேலே தேய்த்தால் இழுவிசை எழுதியிருக்கும் வரியும் போய்விடும். பல மாநிலங்களில் குறைந்தபட்ச இழுவிசை விதி இருப்பதால் வன அதிகாரியிடம் காட்ட அந்த வரி வேண்டும், அதன் மேல் காகித டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். மூன்றாவது, நாண் படியும் பள்ளம். அங்கே தேய்க்கவே கூடாது. சொரசொரப்பு நாணின் இழையை அரித்துவிடும்.

இதில் பிடித்த விஷயம், எடை ஒரு கிராமும் கூடாது, சத்தம் வராது, மனம் மாறினால் பாலிஷ் போட்டுப் பழைய மினுக்கைத் திருப்பிவிடலாம். குறை, நிறமும் உருவமும் அப்படியே இருக்கும். கை அடிக்கடி படும் இடங்கள் சில மாதத்தில் வியர்வையும் எண்ணெயும் பட்டு மறுபடி மினுங்கும். பருவத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

துணி உறை

இரு முனையும் திறந்த நீளமான துணிக் குழாய். காலுறையின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். முனைகளில் எலாஸ்டிக் அல்லது நாடா இருக்கும். ஜோடியாக விற்கும். வாங்கும்போது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: துணி நீட்டம் தர வேண்டும், லிம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். தொளதொளவென்று பருத்தித் துணியில் வரும் மலிவு உறைகள் காற்றில் படபடக்கும், எய்யும்போது தனியாக ஒரு 'ஃப்ளப்' சத்தம் கொடுக்கும். வில் அதிராமல் இருக்க நாணில் ரப்பர் மீசையும் கம்பளி உருண்டையும் கட்டிவிட்டு, உறையால் அந்தப் பலனைத் தொலைப்பதில் என்ன லாபம்?

மாட்டுவதில் வரிசை முக்கியம். நாண் ஏற்றிய பிறகு உறை உள்ளே போகாது. முதலில் நாணின் இரு காதையும் (முனை வளையம்) லிம்பிலிருந்து கழற்றி, உறையை முனையிலிருந்து அடிப்பக்கமாக, அகலமான வாய் ரைசரைப் பார்க்கும்படி இழுத்துவிட வேண்டும். பிறகு ஸ்ட்ரிங்கர் கயிறு கொண்டு நாண் ஏற்றுங்கள். காலுக்கிடையில் வளைத்து ஏற்றும் வீரமெல்லாம் வேண்டாம், லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

உறை எங்கே முடிகிறது என்பதுதான் இதன் உயிர்நாடி. நாண் ஏற்றிய ரீகர்வில் முனை வளைவை ஒட்டி நாண் சில அங்குலம் லிம்பின் மேலேயே படிந்திருக்கும். அது லிம்பை விட்டு எழும் இடத்துக்கு அரை அங்குலம் முன்பே உறை நின்றுவிட வேண்டும். மேலே ஏறினால் ஒவ்வொரு எய்தலிலும் நாண் துணியை அடிக்கும், துணி நைந்து நூல் பிரியும், ஒரு நாள் அந்த நூல் நாணோடு சிக்கும். பிரேஸ் ஹைட்டும் (பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம்) எய்தலுக்கு எய்தல் மாறும், அம்பு ஒன்று மேலே ஒன்று கீழே போகும்.

எய்ய எய்ய உறை மெல்ல நகரும் என்பது எல்லா உறைக்கும் உள்ள வியாதி. ரைசர் பக்கத்து முனையில், உறைக்கு அடியில் லிம்பைச் சுற்றி அரை அங்குல ரப்பர் பட்டை ஒன்று மாட்டிவிட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். சைக்கிள் டியூபின் மெல்லிய வளையமும் இதே வேலையைச் செய்யும்.

மழையில் நனைந்த உறை கனக்கும். லிம்பின் அடிப்பகுதியில் கூடும் எடை அம்பின் வேகத்தைப் பெரிதாகப் பாதிக்காது. முனைக்கு அருகில் கூடும் எடை பாதிக்கும், எய்யும்போது அந்தப் பகுதிதான் வெகு வேகமாக நகர்கிறது. ஈர உறையோடு வில்லைப் பெட்டியில் போட்டு மூடுவது இன்னும் மோசம். வீடு வந்ததும் கழற்றி, வில்லைத் துடைத்து, உறையைக் கொடியில் காயவிடுங்கள். ஒட்டுமுள் அப்பியிருந்தால் சீப்பால் வாருங்கள்.

துவைக்க வெண்மையூட்டி இல்லாத சோப்பு வேண்டும். புது உறையையே நம்பக் கூடாது, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். துணி நீலமாக ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். டார்ச் 365 நானோமீட்டர் வகையாக இருந்தால் நல்லது, மலிவான ஊதா டார்ச்சின் சொந்த வெளிச்சமே கண்ணை ஏமாற்றும்.

சுற்றுத்துணி

அடிபட்ட மணிக்கட்டுக்குச் சுற்றும், தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜ் தெரியுமல்லவா, அதே சங்கதி, கேமோ அச்சில். பசை கிடையாது, அவிழ்த்துத் திரும்பச் சுற்றலாம். கியர் எய்ட் நிறுவனத்தின் கேமோ ஃபார்ம் இந்த வகையில் பரவலாகக் கிடைப்பது. சுருள் 2 அங்குல அகலம், 144 அங்குல நீளம்.

ஒரு சுருள் போதுமா என்றால், கணக்கு இதோ. லிம்பில் மூட வேண்டிய நீளம் சுமார் 16 அங்குலம். பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினால் ஒரு சுற்றுக்கு 1 அங்குலம் நகரும், ஆக 16 சுற்று. அடியில் அகலம், முனையில் குறுகல் என்பதால் சராசரிச் சுற்றளவு மூன்றேகால் அங்குலம் என்று வைத்தால் லிம்புக்கு 52 அங்குலம், இரண்டுக்கும் 104. மீதி 40 அங்குலத்தில் ரைசரின் மேல், கீழ்ப் பகுதிகளையும் சுற்றிவிடலாம். பிடியை விட்டுவிடுங்கள். அங்கே பருமன் கூடினால் கை அமரும் விதம் மாறி, அம்பு பக்கவாட்டில் விலகும்.

சுற்றும் திசையில் கவனம் தேவை. கூரை ஓடு வேய்வது போல, மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூட வேண்டும், அப்போதுதான் மழைநீர் வழிந்து ஓடும். வில்லை நிமிர்த்திப் பிடித்த நிலையில், மேல் லிம்பில் ரைசர் பக்கம் தொடங்கி முனை நோக்கி, கீழ் லிம்பில் முனைப்பக்கம் தொடங்கி ரைசர் நோக்கிச் சுற்றுங்கள். மிதமாக இழுத்தால் போதும். முழு நீட்டத்துக்கு இழுத்துச் சுற்றினால் ஓரங்கள் சுருண்டு எழும்பும், அங்கேதான் குச்சியும் முள்ளும் மாட்டும். முனைப்பக்கம் முடியும் இடத்தில் மெழுகு தடவிய நூலால் நான்கைந்து சுற்றுக் கட்டிவிடுங்கள். நாண் அதிர்வில் முதலில் பிரிவது அந்த முனைதான்.

உறையைவிட இது சத்தமே இல்லாதது. கழற்றிப் பிரித்து எடுத்துச் செல்லும் வில்லிலும் லிம்போடு அப்படியே இருக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி மெதுவாகக் காயும். மரத்தூளும் மண்ணும் ஏறிய பிறகு ஒட்டும் குணம் குறைந்துவிடும். ஒரு பருவம் தாங்கினால் நல்ல ஆயுள்.

பசை டேப்

கடையில் கேமோ டேப் என்றாலே இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். துப்பாக்கிக்கும் ஏணிக்கும் சரி. வில்லுக்குத் தவறு. வெயிலில் பசை இளகி ஓரங்களில் கசியும், தூசி அப்பும். உரிக்கும்போது பழைய வில்லின் லாக்கர் பூச்சு டேப்போடு வந்துவிடும், சின்னமும் எழுத்தும் முதலில் போகும். ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் முடி உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து, கை தாங்கும் சூடு வந்ததும் மெல்ல மடக்கி உரிக்கலாம். அதற்கு மேல் சூடு வேண்டாம், லிம்பின் அடுக்குகளைப் பிடித்திருப்பதே பிசின்தான். மீந்த பசையை நாப்தா நனைத்த துணியால் எடுங்கள். அசிட்டோன் பூச்சையே கரைத்துவிடும். இந்த டேப்புக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: லிம்பை இறுக்கும் திருகின் தலைக்கு நகக்கண் அளவு வட்டம் வெட்டி ஒட்டினால் உலோக மினுக்கு நிற்கும்.

ஸ்ப்ரே பெயின்ட்

ரஸ்ட் ஓலியம், கிரைலான் இரண்டுமே கேமோ வரிசையில் துளியும் மினுங்காத மேட் பெயின்ட் விற்கின்றன. மினுக்கு, நிறம், உருவம் மூன்றையும் ஒரே மூச்சில் தீர்க்கும் வழி இது. எடையும் பெரிதாகக் கூடாது. ஆனால் திரும்பிப் போக வழியில்லை. பேர் (Bear) நிறுவனத்தின் பழைய கோடியாக் மாதிரி சேகரிப்பாளர்கள் தேடும் வில்லில் இதை அடித்தால் விற்கும்போது விலை படுத்துவிடும். சேஜ் போன்ற வில்லுக்குத் தாராளமாக அடிக்கலாம்.

கழுவி, 0000ஆல் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். நாண் பள்ளம், முனை வெட்டு, அம்பு தங்கும் தட்டு, பிடி, லிம்பும் ரைசரும் சேரும் முகங்கள், திருகுத் துளைகள், இழுவிசை எழுத்து அத்தனையும் காகித டேப்பால் மூட வேண்டும். சேரும் முகத்தில் பெயின்ட் ஏறினால் லிம்ப் சரியாக அமராது, நாண் நடுக்கோட்டை விட்டு விலகும். பழைய வில்லாக இருந்தால் ரைசருக்குள் மறையும் லிம்பின் அடி ஓரத்தில் ஒரு பொட்டு அடித்து ஒரு நாள் பாருங்கள். பூச்சு சுருங்கினால் அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம்.

ஒரு அடி தூரத்திலிருந்து, மூடுபனி போல மெல்லிய இரண்டு மூன்று பூச்சு. கெட்டியாக அடித்தால் லிம்ப் வளையும் இடத்தில் பெயின்ட் வெடிக்கும். இரண்டாம் பூச்சுக்கு டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை மதியுங்கள், அந்த நேரம் தவறி அடித்தால் கீழ்ப்பூச்சு சுருக்கம் விழும். காக்கி போன்ற வெளிர் நிறம் முதலில், அதன் மேல் கரும்பழுப்பும் ஆலிவும்.

இலையை வைத்து அழகழகாக அச்சு எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சின்னச் சின்ன இலை வடிவம் இருபது கஜத்தில் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருநிறமாகத் தெரியும், வில்லின் நீண்ட கோடு அப்படியே நிற்கும். மூன்று நான்கு அங்குலத் திட்டுகளாக, வெளிரும் கருமையும் மாறி மாறி, குறுக்குச் சாய்வாக, லிம்பின் ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் வரை போகும்படி அடித்தால்தான் கோடு உடையும். பெயின்ட் வாடை போக வாரக்கணக்கில் ஆகும். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது, ஆகவே பருவம் தொடங்க ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் பார்க்க வேண்டியவை

வெயில் சாய்ந்த நேரத்தில் பதினைந்து இருபது கஜத்தில் முக்காலியில் போனை வைத்து வீடியோ எடுங்கள். அம்பு வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கி, தூக்குவதில் தொடங்கி எய்வது வரை முழு அசைவும் பதிவாக வேண்டும். போன் இலக்குக்குப் பக்கவாட்டில், தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். அம்பில்லாமல் இழுத்து விடுவது வில்லை உடைக்கும். வீடியோவில் மின்னுவது பெரும்பாலும் லிம்பாக இருக்காது. வில்லோடு கட்டிய அம்புக்கூட்டின் பிளாஸ்டிக் மூடி, அலுமினிய அம்புத் தண்டு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வெறும் முகம் ஆகியவை முந்திக்கொள்ளும். வெள்ளை இறகு அம்பு பட்ட இடத்தைப் பார்க்க வசதிதான், ஆனால் கூட்டில் ஐந்து அம்பு சேர்ந்து அசைந்தால் அது வெள்ளைவால் மானின் எச்சரிக்கைக் கொடி மாதிரியே இருக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ கட்டிக்கொள்ளலாம்.

உறையோ சுற்றுத்துணியோ ஏற்றியபின் பிரேஸ் ஹைட்டை அளந்து பாருங்கள். சேஜுக்கு ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் வரை. பழைய அளவிலிருந்து நகர்ந்திருந்தால் நாணை முறுக்கியோ தளர்த்தியோ திருப்பிக் கொண்டுவந்து, வேட்டைக்கான அதே எடை அம்பில் பத்து இருபது முறை எய்து பாருங்கள்.

மூடிய லிம்பில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை உறையைக் கழற்றி, பஞ்சு உருண்டையால் இரு ஓரங்களையும் முழு நீளத்துக்கு நீவுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டி நின்றால் அங்கே ஃபைபர்கிளாஸ் எழும்பியிருக்கிறது. அந்த வில்லில் நாண் ஏற்ற வேண்டாம்.